டீக்கடை அரட்டை

தமிழ்நாட்டு ஊர்களில் காலையிலும் மாலையிலும் டீக்கடை பெஞ்சைச் சுற்றி நடக்கும் கூட்டுப் பேச்சு டீக்கடை அரட்டை எனப்படும். கிரிக்கெட், சினிமா, அரசியல், விலைவாசி, ஊர் நடப்பு எல்லாம் ஒரே உட்காரலில் வந்து போகும். தலைப்பு கிடையாது, தலைமை கிடையாது, முடிவுரையும் கிடையாது. வெட்டிப்பேச்சு என்று வீட்டில் இதற்குப் பெயர். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்திருந்த காலத்தில் ஊருக்குச் செய்தித்தாளைப் படித்துக் காட்டியது இந்த பெஞ்சுதான். ஒருவர் ஒன்றைச் சொன்னால் ‘எதை வச்சுச் சொல்ற?’ என்று மறுகேள்வி கேட்கும் பழக்கத்தை வளர்த்ததும் இதுவே. அரியலூர் மாவட்டம் வரதராஜன்பேட்டை வட்டாரத்தை நடுவில் வைத்து அந்தப் பேச்சை இக்கட்டுரை பார்க்கிறது.

ஊர்

அரியலூர் மாவட்டத்தின் இரண்டு பேரூராட்சிகளில் வரதராஜன்பேட்டை ஒன்று, மற்றது உடையார்பாளையம். ஆண்டிமடத்தை அடுத்த செம்மண் பூமி, முந்திரித் தோப்புகள் சூழ்ந்த ஊர். கத்தோலிக்கர் மிகுதியாக வாழ்கிறார்கள். அலங்கார அன்னை ஆலயம் ஊரின் அடையாளம். 1899இல் நிறுவப்பட்ட கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. சலேசிய சபையின் தொன்போஸ்கோ பள்ளியும் இங்கே இருக்கிறது. அந்தச் சபையை நிறுவிய தொன்போஸ்கோ வகுத்த கல்விமுறையில் கோயிலுக்கும் வகுப்பறைக்கும் சமமான இடம் ஆடுகளத்துக்கு உண்டு. அப்படிப்பட்ட பள்ளி இருக்கும் ஊரில் விளையாட்டுப் பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது.

இந்த ஊர்க்காரர்கள் வீடு மாறாமலே நாலு தடவை மாவட்டம் மாறியிருக்கிறார்கள். 1995 வரை திருச்சி மாவட்டம். அந்த ஆண்டு பெரம்பலூர் பிரிந்தது. 2001இல் அரியலூர் தனி மாவட்டமானது. 2002இல் பழையபடி பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007 நவம்பர் 23 முதல் மீண்டும் அரியலூர். எந்த மனுவை எந்த ஆபீசில் கொடுப்பது, எந்தப் பஸ்ஸில் போவது என்ற தகவல் அரசாணையைப் படித்து யாருக்கும் தெரியவரவில்லை. நேற்றுப் போய்விட்டு வந்தவரிடம் டீக்கடையில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

டீயும் பேப்பரும்

தமிழ்நாட்டில் டீ பழைய பானம் அல்ல. தேயிலை விற்பனையைப் பெருக்குவதற்கென்றே அமைந்த வாரியங்கள் 1930களில் ஊர் ஊராகப் போய் டீ போட்டுக் காட்டி, இலவசமாகக் கொடுத்துப் பழக்கின. காப்பி நடுத்தர வர்க்கத்தின், குறிப்பாகப் பிராமணர்களின், கௌரவச் சின்னமாக இருந்தபோது டீ உழைப்பாளிகளின் பானமாக நிலைத்தது. இந்த வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். வயலுக்கும் தோப்புக்கும் போகிறவர் வழியில் நின்று குடிக்கும் பானம் என்பதால் டீக்கடை சாலையோரத்தில், பஸ் நிறுத்தத்தில், கோயிலுக்கு எதிரில் அமைந்தது. ஊரில் எல்லோரும் கடந்துபோகும் இடமே பேச்சுக்கும் இடமாயிற்று.

1942இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் தொடங்கிய ‘தினத்தந்தி’ இந்தப் பேச்சுக்குத் தீனி போட்டது. சிறு வாக்கியம், பெரிய எழுத்து, பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் தமிழ். ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்பதற்கு ஏற்ற நடை அது. அந்த நாளிதழில் 1960இல் தொடங்கிய ‘கன்னித்தீவு’ சித்திரத்தொடர் எழுத்துத் தெரியாதவரையும் பேப்பர் பக்கம் இழுத்தது. தமிழ்நாட்டில் செய்தித்தாள் வாசிப்பை ஆராய்ந்த மானுடவியலாளர் பிரான்சிஸ் கோடி, டீக்கடையில் நடக்கும் இந்தக் கூட்டு வாசிப்பைத் தனியே எடுத்து எழுதியிருக்கிறார்.

காலை ஆறு மணிக்குப் பேப்பர் வந்ததும் அது முழுசாக இருப்பது சில நிமிடம்தான். தாள் தாளாகப் பிரிந்துவிடும். முதல் பக்கம் பெரியவர் ஒருவர் கையில். மாவட்டச் செய்தி, அதாவது விபத்து, திருட்டு, மின்தடை, இன்னொருவர் கையில். விளையாட்டுப் பக்கத்தை இளவட்டங்கள் பிடுங்கிக்கொள்ளும். சினிமா விளம்பரத்தை வாங்கியவர் பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பார். டீ மாஸ்டர் ஒரு கையை உயர்த்தி ஆற்றிக்கொண்டே, ‘லைட்டா ஸ்ட்ராங்கா?’ என்று கேட்கும் இடைவெளியில் தானும் ஒரு கருத்தைச் சொல்லிவிடுவார். தாள் கைமாறும்; அதோடு பேச்சும் மாறும். விளையாட்டிலிருந்து விலைவாசிக்குப் போவதற்கு இங்கே தனி முயற்சி தேவைப்படுவதில்லை.

திராவிட இயக்கம் இந்தப் பேச்சின் பலத்தை நன்றாகப் புரிந்துவைத்திருந்தது. முடிதிருத்தகம், படிப்பகம், டீக்கடை மூன்றும் அதன் பேச்சு மேடைக்கு வெளியே இருந்த மேடைகள். அரியலூருக்கே இதில் ஓர் இடம் உண்டு. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். துணை அமைச்சர் ஓ. வி. அழகேசன் பெயரை அரியலூரோடு மோனையாகச் சேர்த்து தி.மு.க. உருவாக்கிய முழக்கம் அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஊர் ஊராகப் பரவியது. வாயில் எளிதாக உருளும் சொல் கிடைத்துவிட்டால் அதைப் பரப்ப டீக்கடைக்கு அச்சகம் தேவையில்லை.

ஆட்டம்

கிரிக்கெட் இந்த பெஞ்சுக்கு வானொலி வழியாக வந்தது. சேப்பாக்கம் ஆட்டங்களைச் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் தமிழில் வர்ணித்தபோது, ஆங்கிலம் தெரியாதவரும் பந்து எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். 1983 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அதிக ரன் எடுத்தவர் சென்னையின் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த், எடுத்தது 38தான். அந்த 38 பற்றி நாற்பது ஆண்டு கழித்தும் பேசும் பெரியவர்கள் உண்டு. 2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்த பிறகு, வர்ணனையே டீக்கடைப் பேச்சின் சாயலுக்கு மாறிவிட்டது.

2008இல் தொடங்கிய ஐ.பி.எல். இந்த வட்டாரத்தில் ஆழமாக இறங்கியதற்கு ஒரு காரணத்தைத் தோப்பில் பார்க்கலாம். முந்திரி பழுக்கும் பங்குனி, சித்திரை, வைகாசியும் ஐ.பி.எல். நடக்கும் மார்ச் கடைசி முதல் மே கடைசி வரையிலான நாட்களும் ஏறத்தாழ ஒன்றே. கொட்டை பொறுக்கிவிட்டு மாலையில் கடைக்கு வருகிறவர் வாயில் முதலில் வருவது மூட்டை விலை, பிறகு மேட்ச். வியாபாரம் பண்ருட்டிச் சந்தையைப் பொறுத்தது, ஆட்டம் சேப்பாக்கத்தைப் பொறுத்தது. இரண்டுமே இவர்கள் கையில் இல்லாதவை என்பதால் இரண்டைப் பற்றியும் பேசித் தீராது.

2025 மார்ச் 28 அன்று பெங்களூருவுக்கு எதிராகச் சேப்பாக்கத்தில் தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார். சென்னை 50 ரன்னில் தோற்றது. இப்படி ஒரு தோல்விக்கு மறுநாள் பேச்சு ஓடும் தினுசைப் பார்க்கலாம்:

‘ஒம்பதாவதா எறங்கி என்னத்த அடிக்கிறது மாமா?’

‘ஏன்டா மாப்ள, அந்த மனுசனுக்கு நாப்பத்து மூணு வயசு. முட்டி தேஞ்சவரு முன்னாடி வந்து ஓடுவாரா?’

‘முடியலன்னா வெளிய ஒக்காரட்டும். ஒங்க முட்டி தேஞ்சப்ப நீங்க கொட்ட பொறுக்கறத விட்டீங்கள்ல?’

‘விட்டேன். அன்னைக்கு வாங்குன கடன்தான் இன்னும் அடையல.’

ஆட்டம் வீட்டுக்கணக்கில் வந்து நின்றுவிட்டது. மாமா, மாப்ள, பங்காளி, சித்தப்பா என்று உறவுமுறை வைத்துப் பேசுவதால் கிண்டல் செய்ய உரிமையும், மனத்தில் இருப்பதைச் சொல்ல இடமும் ஒருசேரக் கிடைக்கின்றன. கடன், கல்யாணம், பிள்ளையின் படிப்பு போன்ற பாரங்களை நேராக உட்கார்ந்து பேசத் தயங்கும் ஆண்கள், கிரிக்கெட்டைச் சாக்காக வைத்து அவற்றைத் தொட்டுவிடுகிறார்கள். டீக்கடை அரட்டையின் பெரிய பயன் இதுதான் என்று சொல்ல வேண்டும்.

2018 ஏப்ரலில் ஆட்டமும் பிழைப்பும் நேருக்கு நேர் மோதின. இரண்டு ஆண்டுத் தடைக்குப் பின் சென்னை அணி திரும்பிய வேளையில் காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் இல்லாதபோது ஆட்டம் எதற்கு என்ற எதிர்ப்பில் சேப்பாக்கம் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. அந்த ஆண்டு சென்னை கோப்பையையும் வென்றது. கொள்ளிடத்தைத் தெற்கெல்லையாகக் கொண்ட மாவட்டத்தில் ரசிகரும் விவசாயியும் வேறு வேறு ஆட்கள் அல்லர்.

உள்ளூர் ஆட்டத்துக்கு ஐ.பி.எல்.லை விட மதிப்பு அதிகம். திருவிழாவை ஒட்டியும் பொங்கலை ஒட்டியும் நடக்கும் டென்னிஸ் பந்து, லப்பர் பந்து போட்டிகளுக்கு டீக்கடைச் சுவரில்தான் நோட்டீஸ் ஒட்டுவார்கள். எல்.பி.டபிள்யூ. உண்டா இல்லையா, தோப்புக்குள் போன பந்துக்கு எத்தனை ரன், வெளியூர் ஆள் எத்தனை பேர் வரலாம் என்ற சட்டதிட்டமெல்லாம் இங்கே பேசி முடிவாகும். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகிய த. நடராஜன், 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். அதன் பிறகு ‘நம்ம ஊரு பையனும் போகலாம்’ என்று சொல்கிறவரிடம் யாரும் ‘எதை வச்சுச் சொல்ற?’ என்று கேட்பதில்லை.

சினிமா

சினிமாப் பேச்சு ஆட்டப் பேச்சுக்கு அண்ணன். எம்.ஜி.ஆர்.–சிவாஜி, ரஜினி–கமல், விஜய்–அஜித் என்று தலைமுறைக்கு ஓர் இரட்டை. கட்சி பிரிந்து வாதாடும் பயிற்சி இங்கே கிடைத்தது. அது தோனி–கோலி வாதத்துக்கும் தேர்தல் வாதத்துக்கும் கைகொடுத்தது. சினிமாவும் தேர்தலும் இந்தப் பக்கத்தில் கைகோத்ததும் உண்டு. ஆண்டிமடத்திலிருந்து வடக்கே போகும் சாலை விருத்தாசலத்தில் சேர்கிறது. நடிகர் விஜயகாந்த் 2006இல் முதன்முதலாகச் சட்டமன்றத்துக்குப் போனது அந்தத் தொகுதியிலிருந்துதான். 2024 செப்டம்பரில் வந்த ‘லப்பர் பந்து’ படத்தில் கிராமத்துக் கிரிக்கெட் வீரர் ஒருவர் விஜயகாந்த் ரசிகராக வருகிறார். தமிழரசன் பச்சமுத்து இயக்கியது. ஆட்டமும் சினிமாவும் சாதியும் மாமனார்–மருமகன் உறவும் அந்தப் படத்தில் பின்னிக் கிடக்கின்றன. வெங்கட் பிரபுவின் ‘சென்னை 600028’ (2007) நகரத்துத் தெருவுக்குச் செய்ததை இது கிராமத்துக்குச் செய்தது.

பெஞ்சில் இடம் கிடைக்காதவர்கள்

இந்தப் பேச்சைப் புகழ்ந்து எழுதும்போது யார் உட்கார்ந்தார்கள் என்பதை மறைக்கக் கூடாது. இரட்டைக் குவளை முறை தமிழ்நாட்டு டீக்கடைகளின் கொடிய வரலாறு. தலித் மக்களுக்குத் தனிக் கிளாஸ், அல்லது சிரட்டை; குடித்துவிட்டு அவர்களே கழுவி வைக்க வேண்டும்; பெஞ்சில் உட்கார அனுமதி இல்லை, தரையில் குந்தியோ நின்றோ குடிக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்த பிறகும், 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் இது பல ஊர்களில் தொடர்ந்தது. பெரியாரிய, இடதுசாரி, தலித் இயக்கங்கள் ஊர் ஊராகக் கணக்கெடுத்துப் போராடின. எல்லோருக்கும் ஒரே பேப்பர் கப் வந்ததும் கிளாஸ் வேறுபாடு கண்ணிலிருந்து மறைந்தது. யார் உட்காரலாம் என்ற வேறுபாடு அதோடு சேர்ந்து மறைந்துவிடவில்லை.

பெண்களும் பெஞ்சில் இல்லை. அவர்களுடைய பேச்சு ரேஷன் கடை வரிசையிலும், தண்ணீர்க் குழாயடியிலும், நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையிலும், முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையிலும் நடக்கிறது. ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டுக் கை கறுத்து, தோல் உரியும் வேலை அது. கை ஓயாது, வாயும் ஓயாது: சீரியல், படம், குழுக் கடன் தவணை, மகளுக்குப் பார்க்கும் வரன். மகளிர் கிரிக்கெட்டை மையமாகக் கொண்ட ‘கனா’ (2018) படத்தில் ஆட்டத்துக்காக ஏங்கும் மகளும், பயிருக்காக ஏங்கும் அப்பாவும் வருகிறார்கள். ஆண்கள் பேச்சு, பெண்கள் பேச்சு என்று பிரிந்து கிடந்த இரண்டையும் அந்தப் படம் ஒரே வீட்டுக்குள் கொண்டுவந்தது.

அச்சிலும் அயலிலும்

‘தினமலர்’ நாளிதழின் ‘டீ கடை பெஞ்ச்’ பகுதி அரசியல் கிசுகிசுவை அந்தோணிசாமி, அன்வர்பாய், குப்பண்ணா போன்றோர் பேசிக்கொள்வதாக எழுதிப் புகழ்பெற்றது. மூன்று மதத்தார் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை வாசகர்கள் இயல்பாகவே எடுத்துக்கொண்டார்கள். கொல்கத்தாவின் ‘அட்டா’ என்னும் கூடிப் பேசும் வழக்கம் டீக்கடை அரட்டைக்கு வங்காள உறவு.

அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்கள் பனிக்காலத்தில், ஆட்டம் இல்லாத மாதங்களில், மளிகைக் கடையின் கணப்பு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். வீரர் மாற்றம் பற்றிய பனிக்காலச் செய்திகளுக்கு ‘ஹாட் ஸ்டோவ்’ என்று அங்கே பெயர் நிலைத்தது அதனால்தான்.

இன்று

2020 ஊரடங்கில் கடைகள் மூடிக் கிடந்தபோது ரவிச்சந்திரன் அஸ்வின் யூடியூபில் தமிழில் பேசத் தொடங்கினார். ஆட்ட நுட்பத்தையும் சினிமாவையும் தெருக் கிரிக்கெட் நினைவுகளையும் கலந்து நண்பர்களோடு பேசும் அந்த முறை பெஞ்சுப் பேச்சேதான். வேலைக்குத் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போன இளைஞர்கள் வாட்ஸ்அப்பில் அதே வாதத்தைத் தொடர்கிறார்கள். கடை பெஞ்சில் இருப்பவர் குரல்செய்தி அனுப்ப, ஷிப்ட் முடிந்து வந்தவர் அங்கிருந்து பதில் சொல்கிறார். கிறிஸ்துமஸ், பொங்கல் விடுமுறையில் அவர்கள் ஊருக்கு வரும்போது, ஊரில் இருப்பவர்கள் ஒரு அணி, வெளியூர்க்காரர்கள் ஒரு அணி என்று மேட்ச் வைப்பது பல ஊர்களில் வழக்கமாகி வருகிறது. தோற்ற அணி அன்றைய டீக்கும் வடைக்கும் காசு கொடுக்கும்.