மைக்கேல் சூசைராஜ்

மைக்கேல் சூசைராஜ் (பிறப்பு 1994) இந்தியக் கால்பந்து நடுக்கள ஆட்டக்காரர். கன்னியாகுமரி மாவட்டத்தின் மீனவக் கிராமமான இரவிபுத்தன்துறையில் பிறந்தவர். கடற்கரை மணலில் பந்து விளையாடி வளர்ந்த இவருக்கு இடக்கால் ஆட்டமும் வேகமும் தனி அடையாளம். சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக்கில் ஆடிக் கவனம் பெற்றார். 2018-இல் ஜாம்ஷெட்பூர் அணி வழியாக இந்தியன் சூப்பர் லீக்கில் நுழைந்தார்.

2019-இல் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் இந்திய அணிக்காகக் களமிறங்கினார். 2019-20 பருவத்தில் ஏடிகே அணியுடன் இந்தியன் சூப்பர் லீக் பட்டம் வென்றார். கோவாவில் பார்வையாளர் இன்றி நடந்த இறுதியாட்டத்தில் சென்னையின் எஃப்.சி. 3-1 எனத் தோற்றது.

2020 நவம்பர் 20 அன்று, மோகன் பகானுடன் இணைந்து ஏடிகே மோகன் பகானாக மாறிய அவ்வணியின் முதல் லீக் ஆட்டத்தில், கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக ஆடியபோது கால் மணி நேரத்துக்குள் முழங்காலில் காயமடைந்து வெளியேறினார். உச்சத்தை நோக்கி விரைந்த ஆட்டத்துக்கு அது பெருந்தடையானது. பின்னர் ஒடிசா அணிக்கு மாறினார். குமரிக் கடற்கரையிலிருந்து தேசிய அணி வரை சென்ற வீரர்களில் இவர் குறிப்பிடத்தக்கவர்.