சாடிக்குள் புதைத்த பெயர்கள்



1999ஆம் ஆண்டு அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், யூனியன்டவுன் என்னும் சிற்றூரின் உயர்நிலைப் பள்ளி மாணவியர் சிலர் வரலாற்றுச் செயற்றிட்டம் ஒன்றைத் தொடங்கினர். நாசிகள் யூதரை அடைத்திருந்த வார்சோ கெட்டோவிலிருந்து இரேனா செண்ட்லர் என்னும் போலந்துப் பெண் 2,500 குழந்தைகளை மீட்டார் எனப் பழைய சஞ்சிகைத் துணுக்கொன்று கூறியது. அச்சுப்பிழையோ என்ற ஐயத்தோடு ஆராய்ந்தனர். அவருடைய கல்லறையைத் தேடியவர்கள், அவர் உயிரோடிருப்பதை அறிந்தனர். 2001இல் வார்சோ சென்று அவரைச் சந்தித்தனர்.

கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த இரேனா, தோழர்களுடன் சேர்ந்து குழந்தைகளைக் கன்னியர் மடங்களிலும் இல்லங்களிலும் மறைத்தார். புதுப்பெயர் சூட்டப்பட்ட அவர்களின் உண்மைப் பெயர்களைத் தாளில் எழுதிச் சாடிகளிலிட்டு, ஆப்பிள் மரத்தடியில் புதைத்தார். போர் முடிந்தபின் பெற்றோரிடம் சேர்ப்பிக்கவே அவ்வாறு செய்தார். பெற்றோருள் பெரும்பாலோர் திரெப்லிங்காவில் கொல்லப்பட்டிருந்தனர்.

கடந்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் நம் பங்கு மாணவி ஒருத்தி, "செயற்றிட்டத்திற்காக முள்ளிவாய்க்காலைப் பற்றிக் கேட்டால் அம்மா அழுகிறார், ஃபாதர்" என்றாள். தாய்மாரே, அழுதுகொண்டே சொல்லுங்கள். பெயர்களையும் சொல்லுங்கள். பிள்ளை எழுதி வைக்கட்டும்.