சென்னை மணியும் விண்ணின் மணியும்

இருப்புப்பாதைக்குத் தண்டவாளம் எவ்வளவு இன்றியமையாததோ, கடிகாரமும் அவ்வளவு இன்றியமையாதது. ஊருக்கொரு நேரம் வழங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டில், கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் இடைப்பட்டதாய் அமைந்த சென்னை நேரத்தையே இந்தியப் புகைவண்டிகள் பெரும்பாலும் பின்பற்றின. சென்னை வானாய்வுக்கூடம் கணித்த நேரம் தந்தி வழியே நிலையங்களை எட்டிற்று. 1906இல் இந்தியப் பொது நேரம் வந்தபோது, அது சென்னை நேரத்தினும் ஒன்பது நிமிடம் முந்தியதாக அமைந்தது.

அதற்கு முந்தைய ஆண்டில்தான், எங்கும் ஒரே காலம் ஓடுவதில்லை என்றார் பேரறிஞர் ஐன்ஸ்டைன். விரைந்து செல்லும் கடிகாரம் பிந்தும். புவியீர்ப்புக் குறைந்த உயரத்தில் முந்தும் என்பது 1915இல் நிறைவுற்ற அவரது கொள்கை. இது கடிகாரத்தின் பழுதன்று. காலத்தின் இயல்பே அஃது.

1977இல் அமெரிக்கர் ஏவிய செயற்கைக்கோளில் சீசியம் அணுக்கடிகாரம் இருந்தது. இக்கொள்கையை ஐயுற்றோரும் இருந்தமையால், திருத்தும் கருவியை முதல் இருபது நாள் இயக்காமல் வைத்துப் பார்த்தனர். கடிகாரம் நாள்தோறும் 38 மைக்ரோ செகண்டு முந்திற்று. ஐன்ஸ்டைன் கணக்கு மெய்யாயிற்று! செகண்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்கே மைக்ரோ செகண்டு. அதற்குள் ஒளி 300 மீட்டர் சென்றுவிடும். ஆகவே, திருத்தாவிடில் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் அளவுக்குக் கணக்குப் பிசகும்.

நாம் வாழும் பீன்யாவுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. 1975இல் விண்ணேறிய ஆரியபட்டா, இங்குள்ள தொழிற்பேட்டைக் கொட்டகைகளில் உருவானது. செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் 'இஸ்ட்ராக்' நிலையமும் இங்கேயே உள்ளது. 2013 முதல் ஏவப்பட்ட 'நாவிக்' வழிகாட்டிக் கோள்கள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவன. அங்கே கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் 46 மைக்ரோ செகண்டு முந்தும். அதனையும் கணக்கிட்டே நம்மவர் திருத்துகின்றனர்.

ஆயினும், முதற்கோளில் இருந்த, ஐரோப்பாவில் வாங்கிய மூன்று ரூபிடியம் கடிகாரங்களும் பழுதுற்றன என்ற செய்தி 2017இன் தொடக்கத்தில் வெளியாயிற்று. கோள் இருந்தும் வழிகாட்ட இயலவில்லை. மாற்றாக அவ்வாண்டு ஆகஸ்டில் ஏவிய கோளும், வெப்பக் கவசம் திறவாமையால் வீணாயிற்று. 2018 ஏப்ரலில் ஏவியதே நிலைபெற்றது. விஞ்ஞானிகள் தளர்ந்தாரில்லை. ஆமதாபாத்தில் நம்மவரே செய்த ரூபிடியம் கடிகாரம் 2023 மே 29ஆம் நாள் விண்ணேறிற்று.

வழி காட்டுவது கோளன்று, அதனுள் இருக்கும் கடிகாரமே. பிறரிடம் மணி கேட்டு நடப்பவன் பிறர் சொல்லும் வேளைக்கே புறப்பட இயலும். அன்று சென்னை மணி கேட்டு வண்டிகள் ஓடின. இனி நாடு தன் மணியைத் தானே கணித்து நடக்கட்டும்!