ஜாகீரும் மரியாதையும்: கல்வராயன் மலையின் மூன்று கவுண்டர்கள்

தமிழ் எம்.ஏ. படித்த என்னைப் போன்றவர்களுக்கு மலைத் தலைவன் என்றாலே வள்ளல்தான். பறம்பு மலைக்குப் பாரி, கொல்லி மலைக்கு ஓரி, திருக்கோவலூருக்கு மலையமான் காரி. பாரி முந்நூறு ஊரையும் கொடுத்துவிட்டான் என்று மனப்பாடம் செய்தோம். அந்த முந்நூறு ஊர்க்காரர்களைக் கேட்டுத்தான் கொடுத்தானா என்று எந்தத் தேர்விலும் கேள்வி வந்ததில்லை. வள்ளல் கொடுப்பது முன்னால் யாரிடமிருந்தோ எடுத்ததைத்தான் என்கிற எளிய கணக்கை நம் இலக்கிய வரலாறு போட்டுப் பார்க்கவே இல்லை. காரியின் திருக்கோவலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. அதே மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை. அங்கே மலைத் தலைவர்கள் சங்க காலத்தோடு முடிந்துபோகவில்லை. 1976 வரை இருந்தார்கள்.

வெள்ளைக்காரன் எழுதிவைத்த ஆவணங்களில் இந்த மலை ஐந்து ஜாகீர்களாகப் பிரிந்து கிடக்கிறது. சேலம் பக்கம் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன். அன்றைய தென்னார்க்காடு பக்கம் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் ஆகிய மூவரின் பெயரில் மூன்று ஜாகீர்கள். ஆள் செத்து ஆள் வந்தாலும் ஜாகீரின் பெயர் மாறவில்லை. இங்கே பெயரே பதவியாகிவிட்டது. மலையைக் கிருஷ்ணதேவராயர் கொடுத்தார் என்பது மரபாகச் சொல்லிவரும் கதை. அரசன் கொடுத்தான், ஆகவே எங்களுடையது! காடு திருத்திச் சாமையும் கேழ்வரகும் விதைத்தவர்களுக்கு இந்தக் கதையில் வாயே இல்லை.

'ஜாகீர்' பாரசீகச் சொல். செய்யும் ஊழியத்துக்குச் சம்பளமாக, ஒரு நிலப்பகுதியின் வருவாயை விட்டுக்கொடுப்பது. அதாவது ஊழியம் மேலே இருக்கிற அரசனுக்கு, வசூல் கீழே இருக்கிற குடியானவனிடம். 'பொதுப்பணி' என்று நாம் இன்று சொல்வதை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். பணி யாருக்கு, பொது யார்?

இங்கிலாந்திலும் கோட்டத்துக்கு ஒரு ஷெரீப் இருந்தான். அரசன் பெயரால் வரி தண்டினான், ஆளைப் பிடித்தான். நூற்றாண்டுகள் போகப்போக அதிகாரமெல்லாம் கழன்று, கடைசியில் அங்கியும் வாளும் விருந்தும்தான் மிச்சம். சென்னைக்கும் 18ஆம் நூற்றாண்டிலேயே ஷெரீப் பதவி வந்தது. அதுவும் பின்னாளில் பிரமுகர்களுக்குக் கொடுக்கும் கௌரவமாகச் சுருங்கி, 1990களின் இறுதியில் ஒழிந்தது. யாரும் அழவில்லை. அதிகாரம் வடிந்து சடங்கு மிஞ்சுவது அவர்கள் கதை. மலையில் நடந்தது வேறு. சமவெளியின் பாளையக்காரர்களைக் கும்பினி ஒடுக்கியது, தூக்கில் போட்டது. மலையின் கவுண்டர்களை விட்டுவைத்தது. கருணையா? அதெல்லாம் ஒன்றுமில்லை. காய்ச்சல் பிடித்த மலையில் தாசில்தாரை உட்காரவைப்பதைவிட ஜாகீர்தாரை உட்காரவைப்பது மலிவு. வெளியே பார்த்தால் வெறும் பட்டம். உள்ளே, மலையாளிப் பழங்குடிகளின் விளைச்சல் மீதும் உடம்பு மீதும் முழு அதிகாரம்.

இந்த வட்டாரத்து மலைகளில் வரியை நிலத்தின் அளவில் போடவில்லை, ஏர்க்கணக்கிலும் கொத்துக்கணக்கிலும் போட்டார்கள். நிலத்தை அளந்தால் அதன்மேல் உழுகிறவனுக்கு ஒரு உரிமை எழுதியாக வேண்டும். ஏரை எண்ணினால் அந்தத் தொல்லை இல்லை. ஜாகீர்தார் நிலத்தில் கூலியில்லாமல் வெட்டி வேலை பார்த்ததை மலை மக்கள் இன்னமும் சொல்கிறார்கள். கெஸட்டியர்களில் ஜாகீர்தாருக்கு இடம் இருக்கிறது, மலையாளிகளின் கல்யாணச் சடங்குக்கும் இடம் இருக்கிறது. இந்த வெட்டிக்கு அந்த அளவு இடம் இல்லை.

1948இல் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. சமவெளியில் ஜமீன்கள் போயின. மலைக்கு வரவில்லை. 1963இல் இனாம் எஸ்டேட்டுகளை ஒழிக்கும் சட்டம் வந்தது. அப்போதும் மலை அரசின் கைக்கு வர 1976 ஆனது. அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். நெருக்கடி நிலை, ஜனவரி 31இல் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி. நாட்டுக்கெல்லாம் உரிமை பறிபோன காலத்தில்தான் கல்வராயன் மலை குடியரசுக்குள் வந்தது. பகுத்தறிவு, சுயமரியாதை என்று மேடைகள் அதிர்ந்த அத்தனை வருஷமும் மலையில் ஜாகீர் இருந்தது. இது ஜாகீர்தாரின் திறமை மட்டும்தானா? மலை நம் அரசியலின் கண்ணிலேயே படவில்லை என்பதுதான் உண்மை.

சரி, ஜாகீர் போனது. நிலம் உழுகிறவனுக்கு வந்ததா? ஜாகீர்தார் எழுந்த நாற்காலியில் வனத்துறை உட்கார்ந்தது. 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தும், நீதிமன்றத் தடையால் 2008 முதல் 2016 வரை தமிழ்நாட்டில் பட்டா கொடுப்பது நின்றுபோனது. தலைமுறையாகக் கடுக்காயும் புளியும் எடுத்த காட்டில், அவன் ஆக்கிரமிப்பாளன்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். போலீஸ் மலையேறி ஊறல்களை அழித்தது. மெத்தனால் மலையில் விளைகிற பொருள் அல்ல. ஆனாலும் 'சாராய மலை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்து, மலைக்குச் சாலை உண்டா, ஆஸ்பத்திரி உண்டா என்று கேட்டது. குடியரசுக்குள் வந்து 48 வருஷம் கழித்து! இந்தக் கேள்வி வருவதற்கும் சமவெளியில்தான் சாவு விழ வேண்டியிருந்தது.

ஜாகீர்தார்களின் வரலாற்றை எழுத வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. பரம்பரைப் பட்டியல், செப்பேட்டுக் கதை, முதல் மரியாதை என்று எழுதினால் அது இன்னொரு வள்ளல் கதையாகத்தான் முடியும். ஏர்க்கணக்கிலிருந்து எழுதத் தொடங்க வேண்டும். எத்தனை ஏர், யாருடைய ஏர், எத்தனை நாள் வெட்டி? இதை நினைவில் வைத்திருப்பவர்கள் மலையில் இன்னும் இருக்கிறார்கள். 1976இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று எழுபது ஆகிறது. நம் ஆய்வாளர்கள் ஏறிப்போவதற்குள் அவர்கள் இருக்க வேண்டுமே.