ஒப நத்துவ ஒப எக்க (திரைப்படம்)

ஒப நத்துவ ஒப எக்க (பொருள்: நீ இல்லாமல், உன்னோடு) என்பது பிரசன்ன விதானகே இயக்கத்தில் 2012 ஆம் ஆண்டில் வெளிவந்த இலங்கைத் திரைப்படம் ஆகும். உருசிய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கி 1876 இல் எழுதிய கதையொன்றை, 2009 இல் முடிந்த உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய இலங்கைக்கு ஏற்ப மாற்றி அமைத்தது.

மலையகத்தில் அடகுக்கடை நடத்தும் சிங்களவர் சரத்சிறி, நகை அடகு வைக்க வரும் வடபகுதித் தமிழ்ப்பெண் செல்வியை மணக்கிறார். செல்வியின் சகோதரர்கள் படையினரால் கொல்லப்பட்டவர்கள். கணவரும் முன்னாள் படைவீரர் என்பது திருமணத்திற்குப் பின்னரே அவருக்குத் தெரியவருகிறது. அதன்பின் ஒரே வீட்டில் இருவரும் அந்நியராகின்றனர். கடையை விற்று மனைவியின் மனத்தை மீட்க முயல்கிறார் சரத்சிறி. செல்வியோ உயிரை மாய்த்துக்கொள்கிறார். அடகு நகையைப் பணம் கட்டி மீட்கலாம், போரில் இழந்ததை அவ்வாறு மீட்க இயலாது என்பதே கதையின் மையம்.

செல்வியாக நடித்த அஞ்சலி பாட்டீல், 2012 இல் கோவாவில் நடந்த இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளி மயில் விருது பெற்றார். எனினும் 2014 இல் மிரட்டல்கள் காரணமாகச் சென்னையில் இதன் திரையிடல் நிறுத்தப்பட்டது. இயக்குநரின் முந்தைய போர்க்காலப் படமான புரஹந்த களுவரவை இலங்கை அரசு 2000 இல் தடைசெய்திருந்தது. போரின் வலியைப் பேசிய அவரது படைப்புகள் கடலின் இரு கரைகளிலும் எதிர்ப்பைச் சந்தித்தன.