சொல்லின் விளக்கத்துக்கு ஒரு வழி

பீங்கான் தொழிற்பேட்டையாலும், மணிமுத்தாற்றங்கரையில் நிற்கும் பழமலைநாதர் ஆலயத்தாலும் பெயர் பெற்ற விருத்தாசலத்துக்கு, அகராதிக் கலையின் சரித்திரத்தோடும் ஒரு சம்பந்தம் உண்டு. இத்தாலியில் 1680-இல் பிறந்து, முப்பதாம் வயதில் இந்தியாவுக்கு வந்து, தமிழில் கரைகண்ட வீரமாமுனிவர், அந்நகரை அடுத்த கோணாங்குப்பத்தில் தேவமாதாவுக்கு ஓர் ஆலயம் எழுப்பினார். பழமலை அம்பிகைக்கு வழங்கும் பெரியநாயகி என்னும் திருநாமமே அந்த அன்னைக்கும் வழங்குகிறது. அவர் 1732-இல் இயற்றி முடித்த சதுரகராதியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், இன்று கணினியில் நிரல் எழுதுவோர் ஒரு பெயரின்மேல் கர்சரை நிறுத்தி, ஒரு விசையை அழுத்தி, அப்பெயர் வரையறுக்கப்பட்ட வரிக்குச் சென்று சேரும் வித்தையின் பூர்வ சரித்திரத்தையே கையில் ஏந்தியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அவருக்கு முன் நம் நாட்டில் பொருள் தேடும் முறை வேறாயிருந்தது. திவாகரம் முதலிய நிகண்டுகள், தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று சொற்களைப் பொருள்வகையால் தொகுத்துச் செய்யுளாக்கி வைத்தன. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும் பதினோராம் தொகுதியைச் சூடாமணி நிகண்டு எதுகை முறையில் அடுக்கியது. மனனம் செய்த மாணாக்கனுக்கு அவை அக்ஷய பாத்திரங்களே. ஆனால் மனனம் செய்யாதவன், அறியாத சொல் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்பதை அறிய, அதன் பொருளை முன்னமே அறிந்திருக்க வேண்டிய சங்கடத்துக்கு உள்ளானான்.

இச்சங்கடத்தைத் தீர்க்க 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் தம் அகராதி நிகண்டில் முதலெழுத்தின் வரிசையை மேற்கொண்டார். அப்பாதையை வீரமாமுனிவர் ராஜபாட்டையாக்கினார். செய்யுளை நீக்கி, சொற்களை நெடுங்கணக்கு முறையில் நிறுத்தி, பெயர், பொருள், தொகை, தொடை என நூலை நான்காகப் பகுத்தார். எகர ஒகரங்களின் குறில் நெடில் பேதத்தை எழுத்திலேயே தெளிவாக்க அவர் செய்த சீர்திருத்தத்தையும் இங்கே மறத்தல் கூடாது. ஏட்டில் புள்ளியிடாது எழுதும் வழக்கத்தால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றிய காலத்தில், எழுத்து வரிசையை நம்பித் தேடுவோன் எங்ஙனம் வழிதவறாதிருப்பான்? பிரதி செய்வோரின் கைகளில் வாழ்ந்த அந்நூல் முழுமையாக அச்சேறியது 1824-இல்தான்.

இதே வரிசை முறை கணினியில் பயன்பட்டதைக் காண, இனி பெர்க்லிக்குச் செல்வோம். அங்கே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், யூனிக்ஸ் இயங்குதளத்தைச் செப்பனிட்ட இளைஞர்களில் ஒருவரான பில் ஜாய், 1970-களின் பிற்பகுதியில் வி-ஐ என்னும் எடிட்டரை உருவாக்கினார். அதற்குத் துணையாகக் கென் அர்னால்டு சி-டேக்ஸ் என்னும் சிறு நிரலை எழுதினார். அது மூலநிரல்கள் அனைத்தையும் வாசித்து, வரையறுக்கப்பட்ட ஒவ்வொரு பெயரையும், அது உள்ள கோப்பையும், அதை வரையறுக்கும் வரியின் வாசகத்தையும் தனிக் கோப்பில் எழுதி, அகர வரிசையில் அடுக்கிவிடும். அடுக்கிய பட்டியலாதலின், எடிட்டர் அதை மீண்டும் மீண்டும் பாதியாகப் பகுத்து, பத்து லட்சம் பெயர்களுள் ஒன்றையும் இருபது ஒப்பீடுகளில் கண்டுவிடுகிறது. வரி எண்ணுக்குப் பதிலாக வரியின் வாசகத்தைக் குறித்தது பெரிய விவேகம். மேலே பத்து வரிகள் சேர்ந்தாலும் அடையாளம் பிழைபடாது.

பிராம் மூலனார் 1991-இல் வெளியிட்ட விம் எடிட்டரை இன்று கையாள்வோரும் இதே வழியில் செல்கின்றனர். நிரல்கள் உள்ள தலைமைக் கோப்புறையில், உட்கோப்புறைகளையும் சேர்த்து வாசிக்குமாறு சி-டேக்ஸை இயக்கிவிட்டு, பெயரின்மேல் கர்சரை வைத்துக் கன்ட்ரோல் விசையோடு வலப்புறச் சதுர அடைப்புக்குறியை அழுத்தினால், வரையறை கண்முன் வந்து நிற்கும். பிறிதொரு விசைக்கூட்டு புறப்பட்ட வரிக்கே திரும்பக் கொணரும். இந்தத் திரும்புதலையே நான் பெரிதாக மதிக்கிறேன். பொருள் தேடிப் போனவன் படித்த இடத்தை இழந்துவிட்டால், தேடலே கல்விக்கு இடையூறாகிவிடுமன்றோ? நிரல் மாறியபின் பட்டியலைப் புதுப்பிக்க மறந்தால் அது பழைய வழியைக் காட்டும் என்பது உண்மையே. எனினும் புதுப்பிக்கப் பெரும்பாலும் சில விநாடிகளே ஆகும்.

சொல் எங்கே விளக்கப்பட்டது என்பது ஒரு வினா. எங்கெல்லாம் வழங்கப்பட்டது என்பது மற்றொன்று. சங்க நூல்களைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், அரும்பதங்களுக்கு அகராதி வகுத்து, நூலில் அவை பயிலும் இடங்களையும் சுட்டியது இவ்விரண்டாம் வினாவுக்குரிய விடை. நிரலுலகில் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய சி-ஸ்கோப், ஒரு செயற்கூற்றை எவையெவை அழைக்கின்றன என்று காட்டி அப்பணியைச் செய்தது. மைக்ரோசாஃப்ட் 2016-இல் அறிவித்த பொது நெறிமுறை, எந்த எடிட்டரும் எந்த நிரல்மொழிக்கும் இவ்விரு வினாக்களையும் ஒரே பாங்கில் தொடுக்க இடமளித்தது.