ரசிகர் மன்ற ஆய்வுகளும் காஞ்சிபுரமும்

தமிழ்நாட்டுத் திரைப்பட ரசிகர்களும் அவர்களின் மன்றங்களும் 1970களிலிருந்து அரசியலறிவியல், மானிடவியல், பண்பாட்டு ஆய்வு ஆகிய துறைகளில் ஆராயப்பட்டு வருகின்றனர். ரசிகர் திரைப் பிம்பத்தில் மயங்கி ஏமாறுபவரா, அல்லது தம் தேவைக்கேற்ப அதைப் பயன்படுத்திக்கொள்பவரா என்பதே இந்த ஆய்வுகளின் மையக் கேள்வி. இதன் முன்கதையில் பட்டு நெசவு நகரமான காஞ்சிபுரத்துக்கு முக்கிய இடம் உண்டு.

மேடையும் திரையும்

காஞ்சிபுரத்தில் 1909இல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் சி.என். அண்ணாதுரை. 1942இல் அங்கிருந்து ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கினார். நாடகங்கள் எழுதினார், அவற்றில் நடிக்கவும் செய்தார். 1946இல் அவருடைய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் நடித்த வி.சி. கணேசனுக்குப் பெரியார் ‘சிவாஜி’ என்னும் பெயரைச் சூட்டினார்.

அண்ணாவின் எழுத்தில் ‘வேலைக்காரி’, ‘நல்லதம்பி’ ஆகிய படங்கள் 1949இல் வெளிவந்தன. ‘நல்லதம்பி’ அமெரிக்க இயக்குநர் ஃபிராங்க் காப்ராவின் 1936ஆம் ஆண்டுப் படமான ‘மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்’ என்பதைத் தழுவியது. அந்தப் படமோ கிளாரன்ஸ் பட்டிங்டன் கெல்லண்டின் கதையிலிருந்து பிறந்தது. திடீரென்று பெருஞ்சொத்துக்கு வாரிசாகும் எளிய மனிதனின் கதை, தமிழில் சீர்திருத்தப் பிரசாரமாக மாறியது.

தேர்தல் களம்

அண்ணா 1957இல் காஞ்சிபுரம் தொகுதியில் வென்றார். 1962இல் தி.மு.க. 15 இடங்களிலிருந்து 50 இடங்களுக்கு உயர்ந்தது. ஆனால் அதே தேர்தலில், அதே காஞ்சிபுரத்தில், காங்கிரஸ் வேட்பாளர் எஸ்.வி. நடேச முதலியாரிடம் அண்ணா தோற்றார். எம்.ஜி.ஆர். அப்போது கட்சியின் நட்சத்திர முகமாக இருந்தார்.

1967 ஜனவரி 12 அன்று சுடப்பட்ட எம்.ஜி.ஆர்., மருத்துவமனையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது, அண்ணா முதலமைச்சரானார். ஆயினும் அந்த வெற்றிக்கு 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் அரிசித் தட்டுப்பாடும் காரணங்களாக இருந்தன.

1972இல் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கியபோது அவருடைய ரசிகர் மன்றங்களே அதன் அடித்தளமாயின. 1977இல் அவர் முதலமைச்சரானார்.

ஆய்வுகள்

அமெரிக்க அரசியலறிஞர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1970களில் நட்சத்திரங்களுக்கும் தி.மு.க.வுக்கும் இடையிலான உறவை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். இலங்கைத் தமிழறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி 1981இல் வெளியான தம் நூலில், சாதி வேறுபாடு கடந்து தமிழர்கள் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் திரையரங்கே என்று சுட்டிக்காட்டினார்.

எம்.எஸ்.எஸ். பாண்டியனின் ‘தி இமேஜ் டிராப்’ 1992இல் வெளிவந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியால் ஏழைகள் பெரிதாகப் பயன்பெறவில்லை, இருந்தும் அவர்களே அவரை ஆதரித்தது ஏன் என்று அது கேட்டது. நாட்டுப்புறக் கதைப்பாடல் நாயகர்களின் சாயலில் அமைந்த திரைப் பிம்பமே காரணம் என்பது அவர் விடை.

அதே ஆண்டில் அமெரிக்காவில் ஹென்றி ஜென்கின்ஸின் ‘டெக்ஸ்சுவல் போச்சர்ஸ்’ வெளியானது. ‘ஸ்டார் டிரெக்’ போன்ற தொடர்களின் ரசிகர்கள் வெறும் நுகர்வோர் அல்லர், கதையைத் தமக்கேற்பத் திருத்தி எழுதும் படைப்பாளிகள் என்று அவர் வாதிட்டார். 1993இல் சாரா டிக்கியின் நூல் வந்தது. மதுரையின் உழைக்கும் மக்களிடையே களப்பணி செய்த அவர், மன்ற உறுப்பினர்கள் சமூகப்பணி வழியாகத் தமக்கென மதிப்பைத் தேடிக்கொண்டதைப் பதிவு செய்தார்.

மதிப்பீடு

பாண்டியன் பிம்பத்தின் வலிமையை விளக்கினார். டிக்கி அதை ஏந்தியவர்களின் நோக்கங்களை விளக்கினார். இரண்டில் ஒன்றை மட்டும் கொண்டால் வரலாறு முழுமையாகாது. ரசிகர்களை வெறும் மயங்கிய கூட்டம் என்று கருதினால் 1962இன் காஞ்சிபுரத்துக்கு விளக்கம் கிடைக்காது. பிம்பத்துக்கு வலிமையே இல்லை என்றால் 1967இன் பரங்கிமலைக்கு விளக்கம் கிடைக்காது. கைதட்டலும் வாக்கும் ஒன்றல்ல என்பதை இந்த இரு தொகுதிகளும் காட்டுகின்றன.